அழுக்கும் மாற்றுத்துணியும்

ஒரு துணியை எத்தனை முறை உடுத்தியபின் துவைக்க வேண்டும் என்று கேட்டால் விடை சொல்வதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. நம் ஊர் வெப்பத்தில் உள்ளாடையையும் காலுறையையும் ஒருநாளுக்கு மேல் உடுத்தக் கூடாது. வியர்வையில் நனைந்த சட்டை, ரவிக்கை, பனியன் அன்றைக்கே தண்ணீரில் விழ வேண்டியவை. ஈரம் துடைக்கும் துண்டை மூன்று நாளுக்கு ஒருமுறையும், படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரத்துக்கு ஒருமுறையும் துவைப்பது நல்லது. கெட்டித் துணியில் தைத்த கால்சட்டை நான்கைந்து முறை உடுத்தும்வரை தாங்கும். பட்டுப்புடவையை விசேஷம் முடிந்ததும் நிழலில் ஆறவிட்டு மடித்து வைத்தால் போதும். இதில் மருத்துவரும் பாட்டியும் ஒரே பேச்சுத்தான் பேசுவார்கள். ஆனாலும் இந்த ஒழுங்கைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தயக்கம் வந்து நிற்கிறது. இப்படித் துவைக்க வேண்டுமானால் ஒருவரிடம் மாற்றிக் கட்ட இன்னொரு துணி இருக்க வேண்டும், அலசுவதற்குத் தண்ணீர் இருக்க வேண்டும், காயப்போட வெயில் படுகிற இடம் இருக்க வேண்டும், ஒரு மணிநேரமாவது ஓய்வு இருக்க வேண்டும். அல்லது இதையெல்லாம் அவருக்காகச் செய்து தரும் வேறொருவர் இருக்க வேண்டும். தூய்மையைப் பற்றிய நம் பேச்சில் இவை இடம்பெறுவதே இல்லை. தூய்மையை ஒருவருடைய குணமாகவே நாம் பேசிப் பழகியிருக்கிறோம்.

1917இல் பீகாரின் சம்பாரணில் அவுரி விவசாயிகளுக்காகத் தங்கியிருந்த காந்தி, அங்கே சிற்றூர்களில் பள்ளிகளைத் தொடங்கியதோடு தூய்மைப் பழக்கங்களையும் கற்பிக்க முயன்றார். பித்திஹர்வாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பெண்கள் சிலர் மிகவும் அழுக்கான புடவையோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏன் துவைப்பதில்லை என்று கேட்கும்படி கஸ்தூர்பாவிடம் சொன்னார். கஸ்தூர்பா கேட்டார். ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துப் போய், இங்கே வேறு துணி வைக்கும் பெட்டியோ அலமாரியோ இருக்கிறதா என்று பாருங்கள், உடுத்தியிருக்கும் இந்த ஒன்றுதான் என் புடவை, இதை அவிழ்த்து எப்படித் துவைப்பேன், மகாத்மாவிடம் சொல்லி இன்னொன்று வாங்கித் தாருங்கள், தினமும் குளித்துத் துவைத்துக் கட்டிக்கொள்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார். காந்தி இதைத் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்; அந்த ஒரு குடிசை மட்டும் அப்படி இருக்கவில்லை என்றும் சேர்த்திருக்கிறார். துவைக்கும் பழக்கத்தைப் பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்டவற்றில் இதைவிட முக்கியமான பக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒழுக்கக் குறைவாகத் தெரிந்தது உடைமைக் குறைவு என்பதை, கேள்வி கேட்டவரின் முகத்துக்கு நேரே அந்தப் பெண் காட்டிவிட்டார்.

இந்த ஒற்றைத் துணியின் கதை நமக்கும் பழையதுதான். பெரியபுராணம் சொல்லும் அறுபத்து மூவரில் திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சிபுரத்து வண்ணார். சிவனடியார்களின் துணியை வெளுத்துத் தருவதையே தொண்டாகக் கொண்டவர். குளிர்காலத்தில் ஒருநாள் மெலிந்த உடலோடு வந்த அடியார் ஒருவரிடம் அவருடைய அழுக்கேறிய கந்தையைக் கேட்டு வாங்குகிறார். பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தந்துவிட வேண்டும், குளிருக்கு இதை விட்டால் வேறு இல்லை என்பது அடியாரின் நிபந்தனை. துவைத்து முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது, விடவே இல்லை. சொன்ன சொல் தவறியதைவிட, ஒரு மனிதர் தம்மால் குளிரில் வாடப் போகிறாரே என்ற துயரத்தில் அவர் துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ள, கல்லிலிருந்து இறைவனின் கை எழுந்து தடுக்கிறது. பக்தியின் உச்சமாகவே இதைக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் கதையின் அச்சாணி மாற்றுத்துணி இல்லாமைதான். துவைப்பவருக்கு அது தெரிந்திருந்தது. உடுத்தியிருப்பவரின் குளிரை அறிந்து துவைப்பது அவருக்குத் தொழிலின் பகுதியாக இருந்தது.

இன்று மாற்றுத்துணி இல்லாத வீடுகள் குறைந்துவிட்டன என்பது பெரிய ஆறுதல். தமிழக அரசு, சத்துணவு சாப்பிடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை தருகிறது. ஒரே சீருடையை இரவில் துவைத்து, அடுப்புக்கு மேலே உலர்த்தி, காலையில் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. நான்கு இணை என்பதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். எனினும் கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும், நடைபாதையில் குடியிருப்பவருக்கும், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவுக்கும் மேலே சொன்ன ஒழுங்கில் பாதிகூடக் கைக்கு எட்டாது. பேருந்தில் அவர்கள் பக்கத்தில் நிற்கும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். வியர்வை நாற்றம் மூக்குக்கு உவப்பாக இருக்காது என்பது உண்மை. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த நாற்றத்திலிருந்து அந்த மனிதரின் வளர்ப்பையும் தன்மையையும் கணித்துவிடுகிறோமே, வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான்.

துவைக்கும் கையைப் பற்றிப் பேசாமல் துணியைப் பற்றிப் பேச முடியாது. களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் துணி வெளுத்த புலைத்தியைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அங்கே தொடங்கி மிக அண்மைக்காலம்வரை நம் வெள்ளையெல்லாம் வேறொருவரின் கையிலிருந்தே வந்தது. வீடுவீடாக அழுக்கெடுத்து, எது யாருடையது என்று தெரிய சேங்கொட்டைச் சாற்றால் குறியிட்டு, உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, தாழியின் மேல் அடுக்கி இரவெல்லாம் வெள்ளாவி வைத்து, விடியுமுன் பொதியைக் கழுதைமேல் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோய், இடுப்பளவு நீரில் நின்று கல்லில் அடித்து, அலசி, நீலமும் கஞ்சியும் போட்டு, மணலில் விரித்து உலர்த்தி, கரிப்பெட்டியால் தேய்த்து மடித்துக் கொடுக்கும் வேலை அது. உவர்மண்ணில் இருக்கும் சோடியம் கார்பனேட்டுதான் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தது என்பதை வேதியியல் பின்னால் வந்து சொன்னது. எந்தக் களரில் எடுத்த மண் எந்தத் துணிக்கு ஆகும் என்பதை அந்தக் கைகள் முன்பே அறிந்திருந்தன. இவ்வளவுக்கும் கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போட்ட தானியமும், இரவில் வாசல்வாசலாக வாங்கிய சோறும்.

இதில் மனத்தை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. வண்ணார் வெளுத்துத் தந்த துணியை ஆசாரம் பார்க்கும் வீடுகளில் அப்படியே உடுத்திப் பூசைக்குப் போக மாட்டார்கள். மறுபடி தண்ணீரில் நனைத்து உலர்த்தினால்தான் அது சுத்தம். அழுக்கை எடுத்த கை தொட்டதாலேயே துணி அசுத்தமாகிவிடும் என்பது வழக்கம். அதே ஊரில், சாமி ஊர்வலத்துக்கு நடைபாவாடை விரிக்கவும், கல்யாணப் பந்தலுக்கு மேற்கட்டி கட்டவும், சாவு வீட்டில் மாத்துத்துணி கொண்டுவரவும் அதே கைதான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர்கள் வந்து வெள்ளை கட்டாமல் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. சடங்குக்கு அந்தக் கை புனிதம், மனிதராக வந்து திண்ணையில் உட்காரத் தகுதியில்லை. பிள்ளை பிறந்த வீட்டுத் துணியும், இறந்தவர் துணியும், பெண்களின் மாதவிலக்குத் துணியும் அங்கேதான் போயின. வீட்டார் தொடக் கூசியதை இன்னொரு வீட்டின் பெண் தொட்டுத் துவைத்தாள். நாம் தீட்டு என்று பெயரிட்டது துணியோடு சேர்ந்து அந்த வீட்டுக்குப் போனது, துணி மட்டும் தூய்மையாகித் திரும்பி வந்தது.

அந்தக் கொடுமைக்குள்ளும் ஒரு படி கீழே இருந்தது. ஊர் வண்ணார் சேரிக்குத் துவைக்க மாட்டார். ஆகவே தலித் மக்களுக்குத் துவைக்க அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட புதிரை வண்ணார்கள் இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் அவர்களைப் பகலில் கண்ணால் பார்ப்பதே தீட்டு என்று கருதி, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் மட்டும் நடமாடி வேலை செய்ய வைத்திருந்ததை 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளிதழ் வெளியிட்டது. தீண்டாமையை நாம் ஓரளவாவது பேசியிருக்கிறோம். காணாமையும் இதே மண்ணில் வழக்கமாக இருந்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவல் 1994இல் வெளிவந்தபோதுதான் அந்த வீடுகளில் ஒன்றின் பெண், ஆரோக்கியம், தமிழ் வாசகர்களில் பலருக்கு முதன்முதலாக முகம் காட்டினாள். அதுவரை எத்தனை தலைமுறை அந்த இருட்டில் துவைத்துவிட்டுப் போயிருக்கும் என்று எண்ணும்போது, வெளுப்பின் மீது நமக்குள்ள பெருமை நெஞ்சில் நிற்க மறுக்கிறது.

பிறகு சோப்பு வந்தது. 1888இல் கல்கத்தா துறைமுகத்தில் இங்கிலாந்தின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் இறங்கின. 1959இல் சர்ஃப் தூள், 1969இல் குஜராத்திலிருந்து நிர்மா. மலிவான தூள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தபின் துறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வண்ணார் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், படித்தார்கள். யாரும் வருந்தத் தேவையில்லாத முடிவு அது. ஆனால் அந்தப் பொதியைப் பிறகு யார் இறக்கி வைத்துக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். முன்பு ஆற்றிலும் குளத்திலும் பம்புசெட்டிலும் குளித்த ஆண், கட்டியிருந்த வேட்டியையும் துண்டையும் அங்கேயே கல்லில் நாலு அடி அடித்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினான். அதை யாரும் பெண்ணின் வேலை என்று சொல்லவில்லை. குளியலறையும் அழுக்குக்கூடையும் வந்தபின் அந்தப் பழக்கம் போயிற்று. கழற்றியது கூடையில் விழுகிறது, மூன்றாம் நாள் மடித்த நிலையில் அலமாரியில் இருக்கிறது. இடையில் நடப்பது அவன் கண்ணில் படுவதில்லை. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவது தெரியவந்தது. ஆண்களில் அவ்வேலையில் கைவைப்பவர்களே ஏறக்குறைய 26 சதவீதம், அவர்கள் செலவிடுவது 97 நிமிடம். சலவை இயந்திரம் வாங்கிய வீட்டில் துவைப்பது நின்றிருக்கலாம். தரம் பிரித்து, சட்டைக் காலரில் சோப்பு தேய்த்து, பையில் காகிதம் இருக்கிறதா என்று பார்த்து, உதறி, கொடியில் போட்டு, மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்து, எடுத்து, மடித்து, அடுக்குவதற்கு இன்னும் எந்த இயந்திரமும் வரவில்லை. இயந்திரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் இரண்டு மணிநேரம் உடுத்திய சட்டையும் கூடையில் போடப்படுவதால், துவைக்க வேண்டிய துணி கூடித்தான் போயிருக்கிறது.

வேலைக்கு வரும் பெண்ணிடம் மொத்தத்தையும் தள்ளிவிடும் வீடுகளும் உண்டு. அவருடைய கை விரல்களுக்கிடையே தோல் உரிந்திருப்பதைச் சோப்புத்தூள் வாங்கும்போது நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. தான் கழற்றிய உள்ளாடையை இன்னொருவர் கையில் கொடுக்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லாமல் பலர் கொடுக்கிறார்கள். இது முன்பு ஊர் செய்ததன் தொடர்ச்சிதான். தானியத்துக்குப் பதில் மாதச் சம்பளம் வந்திருக்கிறது, அவ்வளவே.

வெண்மை என்பதே தூய்மை என்ற எண்ணமும் சற்று நின்று பார்க்கத் தக்கது. நீலம் எந்த அழுக்கையும் எடுப்பதில்லை. பழுப்பேறிய துணியின் மஞ்சள் சாயலை மறைத்துக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகிறது. இன்றைய தூளில் சேர்க்கப்படும் ஒளிர்வூட்டிகள் வெயிலின் புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாகத் திருப்பிவிடுகின்றன. துணி பளிச்சென்று தெரிகிறது. இரண்டும் கண்ணுக்கானவை. விளம்பரத்தில் ஒரு தாய் இன்னொரு தாயின் பிள்ளைச் சட்டையோடு தன் பிள்ளைச் சட்டையை ஒப்பிட்டு வெட்கப்படும்போது, அங்கே விற்கப்படுவது தூளைவிட அந்த வெட்கம்தான். நம் பொதுவாழ்விலும் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் நேர்மையின் அடையாளமாகவே நிலைபெற்றுவிட்டன. எளிமைக்காகத் தொடங்கிய உடை அது. நாள்தோறும் கசங்காத வெள்ளையில் வெளியே வர, பின்னால் ஒருவர் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எளிமை இன்னொருவரின் உழைப்பில் நிற்குமானால் அதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

தண்ணீருக்கு வருகிறேன். நகரத்து மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டுத் தர அளவை வகுத்தபோது, துணி துவைக்க அதில் 20 லிட்டர் ஒதுக்கினார்கள். மேலே திறக்கும் இயந்திரம் ஒருமுறை ஓடுவதற்கு 100 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும் வகைகள் உண்டு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ரயிலில் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் மழை வந்து கழிவுநீர் கடலில் கலந்தபோது மெரினாவில் பட்டினப்பாக்கம்வரை வெள்ளை நுரை மலைபோல் ஒதுங்கியது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதில் இருந்த சோப்புத்தூளின் எச்சமும் காரணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். குழந்தைகள் அந்த நுரையை அள்ளி விளையாடினார்கள். கோடையில் தண்ணீருக்கு அலைந்த ஊர், மழையில் தன் சட்டை அழுக்கைத் தன் கடற்கரையில் கண்டது. செயற்கை இழைத் துணி துவைக்கும்போது உதிரும் நுண்ணிழைகள் கண்ணுக்கே தெரியாமல் போகின்றன. ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் 7 லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் வெளியேறக்கூடும் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டார்கள்.

ஆகவே எப்படித் துவைப்பது என்பதிலும் சொல்ல வேண்டியவை சில உண்டு. அரைமணி நேரம் ஊறிய துணிக்குப் பாதித் தூள் போதும். கூடுதலாகப் போட்ட தூள் அலசலில் முழுவதும் போகாமல் இழையில் தங்கித் தோலை அரிக்கும், அதைப் போக்க இன்னும் இரண்டு வாளித் தண்ணீர் வேண்டும். இரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில் எடுக்க வேண்டும், வெந்நீர் பட்டால் இறுகிவிடும். இயந்திரம் நிறையும்வரை காத்திருந்து ஓட்டலாம். வியர்க்காத நாளில் உடுத்திய சட்டையை உதறிக் காற்றாட மாட்டி இன்னொரு நாள் உடுத்துவதில் எந்த இழிவும் இல்லை. பட்டுக்குப் பூந்திக்கொட்டை இன்றும் ஆகும். மாதவிலக்குத் துணியை மற்றத் துணிக்கு அடியில் ஒளித்துக் காயப்போடாமல் நேர்வெயிலில் போட வேண்டும். மறைவில் சரியாக உலராத துணி நோயைத் தரக்கூடும். வீட்டு ஆண்கள் பார்ப்பார்களே என்பது காரணமாக இருக்குமானால், பார்த்துப் பழக வேண்டியவர்கள் ஆண்கள்தான்.

சம்பாரணில் அந்தக் கேள்வியைக் கேட்டு அனுப்பியவர், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது, துவைப்பது பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்துத் தாமே துவைக்கக் கற்றவர். முதல்முறை கஞ்சி போட்ட காலரை மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனபோது கஞ்சி உதிர்ந்துகொண்டே இருந்தது, சக வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் விடவில்லை. 1912இல் அவர் குருவாக மதித்த கோகலே அங்கே வந்தார்; தம் ஆசான் ரானடே தந்த மேல்துண்டை உயிராக மதித்து உடன் வைத்திருந்தார். அதை இஸ்திரி போட்டுத் தரும் அளவுக்குக் காந்தியின் கை தேறியிருந்தது. மாற்றுப் புடவை இல்லாத பெண்ணின் பதிலை மறைக்காமல் எழுதி வைக்க அவரால் முடிந்ததற்கு, துவைப்பதன் பாட்டை அவர் கை அறிந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. படுக்கை விரிப்பையும் போர்வையையும் இயந்திரம் துவைக்கட்டும், உழைத்துச் சம்பாதிப்பவரின் சட்டையை நியாயமான கூலி வாங்கிக்கொண்டு ஒருவர் தேய்த்துத் தரட்டும். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். ஆனால் வயது வந்த ஆண்கள் ஒவ்வொருவரும், தாம் கழற்றிய உள்ளாடையையும் துண்டையும் குளிக்கும்போதே தம் கையால் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வரட்டும். பத்து வயது நிரம்பிய மகனுக்கும் மகளுக்கும் ஒரே நாளில் இதைக் கற்றுக் கொடுங்கள்.